கோட்டாற்றுக் கம்போளத்தில் இறச்சி வாங்குவது

நாகர்கோவில் கோட்டாற்றில் இறச்சி வாங்கப் போகிறவர்கள் முதலில் விடவேண்டிய பழக்கம், "ஒரு கிலோ கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பது. அப்படிச் சொன்னால் ஒரு கிலோ கிடைக்கும், அவ்வளவுதான். கழுத்தில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், தொடையில் ஒரு கீற்று, மேலே ஒரு பிடி கொழுப்பு என்று கலந்து வரும். அது எந்தக் குழம்புக்கும் முழுதாகப் பொருந்தாது. பழைய கையுள்ள வெட்டுக்காரர் எடையைக் கேட்பதற்கு முன்னாலேயே "என்ன வைக்கப் போறிய? எத்தனை பேருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருந்தால் இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இறச்சி வேறெங்கும் கிடைக்காது என்று தயங்காமல் சொல்லலாம்.

கோட்டாறு, இளங்கடை, இடலாக்குடி வட்டாரத்தை ஒரே சந்தையாக நினைத்துக்கொள்வது நல்லது. இது நேற்று முளைத்த கடைத்தெரு அல்ல. சோழர் கல்வெட்டுகளில் மும்முடிச் சோழநல்லூர் என்று வரும் ஊர் இதுதான். பழங்காலப் புவியியலாளர் டாலமி குறிப்பிடும் 'கொட்டியாரா'வும் இதுவே என்று ஆய்வாளர் பலர் சொல்வதுண்டு. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே மலையாளக் கரை, தெற்கே கடல். மூன்று பக்கச் சரக்கும் வந்து கைமாறும் இடமாக இருந்ததால்தான் இங்கே சந்தையைக் 'கம்போளம்' என்று மேற்கத்திப் பேரில் அழைக்கிறோம், விலையைக் கிழக்கத்தித் தமிழில் பேசுகிறோம். இறைச்சி என்று யாரும் சொல்வதில்லை. 'இறச்சி', வாயில் வரும்போது 'எறச்சி'. முதலில் திருவிதாங்கூரிலும், பின்பு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊரின் பேச்சு அப்படித்தான் இருக்கும். வயதான சிலர் இன்றும் 'ஒரு ராத்தல் எறச்சி' என்பார்கள். ராத்தல் என்றால் ஏறக்குறைய 450 கிராம். அரைக் கிலோவுக்கு 50 கிராம் குறைவு.

போகும் வழி சுலபம். ரயிலில் வந்தால் நாகர்கோவில் சந்திப்பு நிலையமே கோட்டாற்றில்தான். பேருந்தில் வந்தால் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி, செட்டிகுளம் வழியாக நடந்தே வரலாம். காரில் வருவதுதான் தொல்லை. காலையில் சரக்கு வண்டிகள் நிற்கும், தெரு ஒடுக்கம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு மூடியுள்ள எவர்சில்வர் தூக்கோடு நடந்து போவதே நல்லது. தூக்கு கட்டாயம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. ஆனாலும் சில கடைகளில் மெல்லிய கவர்தான் கைக்கு வருகிறது. சூடு ஆறாத இறச்சி அந்தக் கவருக்குள் வியர்த்து, வீடு சேரும் முன்பே வாடை பிடிக்கும். முன்பு தேக்கிலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டிக் கொடுப்பார்கள். இலையின் சொரசொரப்பு இறச்சியைப் பிடித்துக்கொள்ளும், கசிவு வெளியே ஒழுகாது, காற்றும் போய்வரும். இன்றும் கேட்டால் இலையில் கட்டித் தருகிற கடையைக் கண்டால் அந்தக் கடையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் பாதி வெற்றி. ஞாயிறு என்றால் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் கடைமுன் நிற்க வேண்டும். ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஆறரைக்குள் போய்விடும். ஒரு சிறு கிடாவில் ஈரல் 300, 400 கிராமுக்கு மேல் தேறாது. சுவரொட்டி ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். ஏழரைக்கு மேல் காலைப் பூசை முடிந்து சவேரியார் கோயில் பக்கமிருந்து கூட்டம் வரும். அப்போது வெட்டுகிறவருக்குப் பேச நேரமிருக்காது. கத்தி வேகமாகும், துண்டு ஒழுங்கு தவறும். ஒன்பதரைக்குப் பிறகு கொக்கியில் தொங்குவது கழுத்தும் அடிவயிற்றுத் தசையும்தான். சூப்புக்கோ நாய்க்கோ என்றால் வாங்கலாம்.

ஆட்டைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். தொங்கும் உடலில் வாலைப் பாருங்கள். நல்ல கடையில் தோலுரிக்கும்போது வால் நுனியில் கொஞ்சம் முடியோடு விட்டுவைப்பார்கள். வெள்ளாட்டு வால் குட்டை, மெலிவு, மேல்நோக்கி நிற்கும் வாகு. செம்மறியின் வால் தொங்கும் வாகு, அடியில் கொழுப்பு இருக்கும். கிடாவா பெட்டையா என்பதற்கும் அடையாளத்தை விட்டுவைப்பதுண்டு. வாலை முழுக்க வழித்துவிட்டு "வெள்ளாடுதான்" என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. செம்மறி கெட்டது என்பதல்ல. பிரியாணிக்குச் செம்மறியின் கொழுப்பு சுவைதான். ஆனால் தேங்காய் வறுத்தரைத்த கறியில் அதன் வாடை மேலே நிற்கும், ஆறினால் கொழுப்பு மெழுகாக உறையும். வெள்ளாட்டு விலை கொடுத்துவிட்டு அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே வரும் ஆடுகளில் பெரும்பங்கு கணவாயைத் தாண்டிக் கிழக்கேயிருந்து வருபவை. எட்டயபுரத்தில் சனிக்கிழமை, மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச்சந்தை கூடும். காட்டு மேய்ச்சலில் வளர்ந்த கன்னி ஆடு, கொடி ஆடு இரண்டும் மெலிந்த உடல், கெட்டிச் சதை. ஊர்ப்புறத்தில் பலாயிலை தின்று வளர்ந்த வீட்டு ஆடு எப்போதாவது வரும். வந்தால் கடைக்காரர் சொல்லாமல் விடமாட்டார்.

வயதுக்குப் பல்தான் சாட்சி. தலை பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். கீழ்த்தாடையின் முன்வரிசையில் எட்டும் சிறு பால்பல்லாக இருந்தால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு அகலப் பல் முளைத்திருந்தால் ஒரு வயதைத் தாண்டியது, ஒன்றரைக்கு உள்ளோ ஒட்டியோ இருக்கும். நான்கு பெரிய பல் என்றால் குக்கர் எட்டு விசிலுக்கும் அடங்காது. தலை இல்லையென்றால் வெட்டிய விலா எலும்பின் முனையைப் பாருங்கள். இளசில் அது சிவந்து ஈரமாக இருக்கும், முற்றலில் வெளுத்துத் தட்டையாகக் கெட்டியாக இருக்கும். கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டி, சதை கருஞ்சிவப்பாக இருந்தால் வயதானது. உரித்த பின் 8 முதல் 10 கிலோ நிற்கும் உடல்தான் வீட்டுச் சமையலுக்கு அளவு. உயிரோடு 20 கிலோ நின்ற ஆடு உரித்தால் ஏறக்குறைய அந்த எடைக்கு வரும். 15 கிலோ உடலைக் கண்டு மலைக்க வேண்டாம். அது கல்யாண அடுப்புக்கு உரியது.

இனிக் கேட்க வேண்டிய விதம். வறுத்தரைத்த கறிக்கு ஒரு கிலோ என்றால் அரைக்கிலோ முன்னங்கால், கால்கிலோ நெஞ்செலும்பு, மீதி விலாவும் கொஞ்சம் கழுத்தும். முன்னங்கால் நடந்து உழைத்த சதை. அதிலுள்ள நார் மெல்ல வெந்து கரைந்துதான் குழம்புக்குக் கெட்டித்தன்மை வருகிறது. பலரும் பெருமைக்குத் தொடையைக் கேட்டு வாங்கிக் குழம்பு வைக்கிறார்கள். தொடையில் நார் குறைவு. முக்கால் மணி நேரம் கொதித்தால் பஞ்சாகிவிடும், சாறு குழம்பில் நிற்காது. தொடை, பொரியலுக்கும் கொத்துக்கறிக்கும். பிரியாணிக்கு, நெய்ச்சோற்றுக்கு என்றால் தொடையும் சாப்ஸும் கலந்து, கிலோவுக்கு 16 முதல் 20 துண்டு வருமாறு பெரிதாகக் கேளுங்கள். சூப்புக்குக் கழுத்தும் நல்லியும். நல்லியைக் குறுக்கே ஒரே வெட்டில் பிளக்கச் சொல்ல வேண்டும். நசுக்கினால் உள்ளே இருக்கும் மஜ்ஜை தெறித்துப் போகும். எலும்போடு வாங்கும் ஒரு கிலோவில் சதையும் கொழுப்புமாக முக்கால் கிலோ நின்றால் நேர்மையான வெட்டு. அதற்கும் கீழே போனால் எலும்பைக் கூட்டியிருக்கிறார்கள்.

கொத்துக்கறியை மெஷினில் அரைக்க விடாதீர்கள். மெஷினில் சதை சூடாகி மாவாகக் குழைந்துவிடும். கட்டையில் வைத்து இரண்டு கத்தியால் கொத்தியதுதான் உருண்டைக்கு நிற்கும், நோன்புக் கஞ்சியிலும் பல்லுக்குத் தட்டுப்படும். நோன்பு மாதத்தில் மதியத்துக்கு மேல் இளங்கடை, இடலாக்குடிப் பக்கம் நூறு கிராம், இருநூறு கிராம் கொத்துக்கறி வாங்க வருகிறவர்களே அதிகம். அந்த அளவுக்கு முகம் சுளிக்காமல் கொத்தித் தருவது இந்த வட்டாரத்தின் குணம். தமிழ்ப் புலவர் சதாவதானி செய்குதம்பிப் பாவலர் பிறந்த இடலாக்குடி இது. பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டி வைத்திருக்கிற ஊர்.

கட்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சந்தையைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. எல்லாம் புளியமரக் கட்டை. முழு அடிமரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்தது. நார் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால் கத்தி விழுந்தாலும் சிராய் பிளந்து இறச்சியில் ஒட்டாது. வேம்பிலும் மாவிலும் இந்தக் குணம் இல்லை. வருடக்கணக்கில் வெட்டி வெட்டி நடுப்பகுதி கிண்ணம் போலக் குழியும். குழிந்த கட்டையில் கத்தியின் அலகு முழுக்கப் படியாது. இரு ஓரம் மட்டும் அறும், நடுவில் நார் அறாமல் இழுபடும். வீட்டில் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதற்கு இதுதான் காரணம். நல்ல கடைக்காரர் கட்டையைத் திருப்பிப்போடுவார், இல்லை மேலே செதுக்கிச் சமன் செய்வார். எலும்புச் சில் வருவதும் கத்தியின் குற்றமே. கனமான கத்தியால் மூட்டுப் பார்த்து ஒரே போடு போட்டால் சில் வராது. மழுங்கிய கத்தியால் நான்கு முறை கொத்தினால் எலும்பு நொறுங்கும், பிள்ளைகள் தொண்டையில் குத்தும். கடையில் நின்று ஒரு நிமிடம் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு சத்தம் என்றால் அங்கே வாங்கலாம். கடையடைக்கும் நேரத்தில் போனால் கட்டையை வழித்துச் சுரண்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து மூடுவதைப் பார்க்கலாம். அதைச் செய்யாத கடையின் கட்டை மறுநாள் காலையிலேயே புளித்த வாடை அடிக்கும். மூக்கு கிட்டப் போனாலே தெரியும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பல கடைகளில் உடல் தெருவைப் பார்த்தே தொங்குகிறது. ஈரத்துணி போர்த்தினால் நல்லது. அது காய்ந்து போகாமலும் தூசி படாமலும் காக்கும். ஆனால் சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளிப்பது எடைக்காக. கையால் தொட்டால் நல்ல சதை பிசுபிசுக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. விரலால் அமுக்கினால் குழி உடனே எழும்ப வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கடைமுன் தண்ணீர் தேங்கிவிடும். அந்த நாட்களில் உயரமான திண்ணையுள்ள கடையே பாதுகாப்பு. தராசு இப்போது மின்தராசு. தட்டில் இலையோ பாத்திரமோ வைத்த பின் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே நிறுக்கச் சொல்லுங்கள். கொழுப்பு வேண்டாம் என்றால் நிறுப்பதற்கு முன்பு சொல்ல வேண்டும். நிறுத்த பின் சொன்னால் அதற்கும் காசு கொடுத்திருப்பீர்கள்.

தலையும் காலும் வாங்கினால் வாட்டித் தரும் இடம் எதுவென்று பார்த்து விடுங்கள். சிரட்டைத் தீயில் நிதானமாக வாட்டி, மஞ்சள் தேய்த்துச் சுரண்டியது பொன்னிறமாக இருக்கும். கேஸ் தீயை ஊதிச் சுட்டால் மேல்தோல் கருகி முடியின் வேர் உள்ளே நின்றுவிடும், சூப்பில் அந்தக் கசப்பு வரும். மண்ணெண்ணெய், ரப்பர் வாடை அடித்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். குடலை, அதாவது நம் ஊர்ப் போட்டியை, வீட்டில் சுத்தம் செய்வதென்றால் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து முக்கி எடுத்தால் கறுப்புத்தோல் துணி போலக் கழன்று வரும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தோல் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கத்தியால் சுரண்டினாலும் போகாது. ஈரலில் வெள்ளைப் புள்ளியோ நீர்க்கட்டியோ இருந்தால் தயங்காமல் மாற்றக் கேளுங்கள். மாற்றித் தராத கடைக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் தவறு ஒன்று உண்டு. அறுத்து இரண்டு மணி நேரத்தில் வாங்கிய இளஞ்சூட்டு இறச்சியை நேராக ஃப்ரீசரில் தள்ளுவது. சதை விறைப்பதற்கு முன்பே கடுங்குளிர் பட்டால் நார் சுருங்கி இறுகிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். பழி கடைக்காரர் மேல் விழும். அன்றே சமைப்பதென்றால் சீக்கிரம் அடுப்பில் ஏற்றுங்கள். இல்லையென்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டுப் பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

கோட்டாற்றை மற்றச் சந்தைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, இறச்சியோடு சேரும் எல்லாமே நடக்கும் தூரத்தில் இருப்பது. பலசரக்குக் கடையில் நல்லமிளகும் கிராம்பும் கேளுங்கள். மாறாமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நகத்தால் அதன் தண்டை அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் தலை மேலாகச் செங்குத்தாக நிற்கவோ மூழ்கவோ வேண்டும். படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. தேங்காய்க்கு ஈத்தாமொழி நெட்டை. பருப்பு கெட்டி, வறுத்தால் எண்ணெய் விடும். ஒரு கிலோ கறிக்கு அரைமுடித் துருவல் போதும். மல்லி நான்கு மேசைக்கரண்டி, வத்தல்மிளகு (காய்ந்த மிளகாய்) பத்துப் பன்னிரண்டு, நல்லமிளகும் பெருஞ்சீரகமும் ஒவ்வொரு சிறுகரண்டி, உள்ளி (சின்ன வெங்காயம்) ஒரு பிடி, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு. தேங்காயை முதலில் தனியாகச் சிறுதீயில் வறுத்து, காப்பிக்கொட்டை நிறம் வரும்போது மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மல்லி கருகி, தேங்காய் வெளுத்தே நிற்கும். குழம்பு கசக்கும், நிறமும் வராது.

மாட்டிறச்சி தேடுகிறவர்களுக்கு மேற்கே தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் தேர்வு அதிகம். மரச்சீனிக்கிழங்கோடு (மரவள்ளி) சேர்த்து வைப்பதென்றால் நெஞ்சுப் பகுதி கேளுங்கள். கிழங்கு குடிக்கும் அளவுக்குக் கொழுப்பு அதில்தான் இருக்கும்.

நாட்களைக் கவனிக்க வேண்டும். தவக்காலம் முழுக்க இறச்சி தொடாத வீடுகள் இங்கே நிறைய. அதனால் ஈஸ்டர் காலையில் தெருவே கொள்ளாது. முந்தின நாளே சொல்லி வைத்து, நான்கரை, ஐந்துக்குப் போய் வாங்கிவிட வேண்டும். சவேரியார் திருவிழா நாட்களிலும், டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறையன்றும், கிறிஸ்துமஸுக்கும் இதே நிலைதான். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் நாள் ஆகிய நான்கிலும் தமிழ்நாடு முழுக்க இறச்சிக் கடை அடைப்பு. இதில் திருவள்ளுவர் நாள் தை 2. பொங்கல் முடிந்து உறவுகள் வீட்டில் நிறைந்திருக்கும் நாள் அது. பொங்கலன்று காலையிலேயே வாங்கி, கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறுநாளைக்கு இறச்சி விறைப்பு நீங்கிப் பதமாகவே இருக்கும்.